நிறத்தை அழித்தால் பிழை அழியுமா? வீட்டு வரவுசெலவு விரிதாள் குறித்து ஒரு மறுப்பு

வீட்டு வரவுசெலவைக் கணினி விரிதாளில் எழுதி வருவோரிடையே ஒரு கருத்து ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலவுகிறது. எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ, ஒதுக்கிய தொகையைச் செலவு தாண்டியவுடன் அந்தக் கட்டம் தானாகச் சிவக்கும்படி அமைத்து வைக்க உதவும் வசதிக்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதாவது நிபந்தனை வடிவமைப்பு, என்று பெயர். இந்த நிறம் வரக்கூடாத இடத்தில் வந்தாலோ வரவேண்டிய இடத்தில் வராமல் போனாலோ, விதிகளை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும் என்பதும், அப்போதும் சரிப்படாவிட்டால் நிறத்தை மறந்துவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் போதும் என்பதுமே அக்கருத்து.

இதன் வலிமையைக் குறைத்துக் காட்டாமல் எடுத்துரைப்பது முறை. இக்கருத்து மூன்று காரணங்களின் மேல் நிற்கிறது. முதலாவது, கட்டத்தின் நிறம் எண்ணை மாற்றுவதில்லை. சிவந்திருந்தாலும் வெளுத்திருந்தாலும் 5,000 என்பது 5,000தான். இரண்டாவது, நகலெடுத்து ஒட்டும்போது விதிகள் தாறுமாறாகப் பெருகுவது உண்மை. அழித்து எழுதுவது பல வேளைகளில் பயன் தருவதும் உண்மை. மூன்றாவது, வீட்டுக் கணக்கு வங்கியின் பேரேடு அன்று. அதன் ஒவ்வொரு நிறக் கோளாறையும் துருவி ஆராய்வதற்கு உழைப்பவருக்கு நேரம் இல்லை. இம்மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவற்றிலிருந்து வருவிக்கப்படும் முடிவு தவறானது. தவறானது மட்டுமன்றி, குடும்பத்தின் பணத்துக்கே கேடு விளைவிப்பது. ஏனெனில் பிழையான நிறம் பெரும்பாலும் நிறத்தின் பிழையாக இருப்பதில்லை. எண்ணிலோ நாளிலோ ஒப்பீட்டிலோ உள்ளே கிடக்கும் பிழை கண்ணுக்குத் தெரியும் ஒரே இடமாக அந்த நிறம் இருக்கிறது. அதைத் துடைத்துவிடுவது, கருகல் வாடை வந்ததும் அடுப்பைப் பாராமல் சன்னலைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

வாதம் தெளிவாக அமைய ஓர் எளிய விரிதாளைக் கருதலாம். ஏ என்னும் நெடுவரிசையில் மளிகை, பால், மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், மருந்து என்று செலவுத் தலைப்புகள்; பி நெடுவரிசையில் அந்தந்த மாதத்துக்கு ஒதுக்கிய தொகை; சி நெடுவரிசையில் ஆன செலவு; டி நெடுவரிசையில் மீதி. முதல் வரிசையில் இவற்றின் பெயர்கள் இருக்க, கணக்கு 2ஆம் வரிசையில் தொடங்குகிறது. சி2 என்றால் சி நெடுவரிசையின் 2ஆம் வரிசைக் கட்டம். சி2 பி2-ஐ விடப் பெரிது எனில் கட்டம் சிவக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு சிறிய அமைப்பிலேயே மேற்படி கருத்து எத்தனை இடங்களில் உடைகிறது என்பதை ஒவ்வொன்றாகக் காணலாம்.

1. நிறம் வெறும் தோற்றமா?

இல்லை. நிபந்தனை வடிவமைப்பு என்பது தன்னளவில் ஒரு சூத்திரம். ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று கணக்கிட்டு, மெய் எனில் நிறம் தீட்டு என்பதே ஒவ்வொரு விதியின் உள்ளடக்கமும் ஆகும். எக்செல் 97இல் இவ்வசதி அறிமுகமானபோது ஒரு கட்டத்துக்கு 3 நிபந்தனைகளே இட முடிந்தது. எக்செல் 2007 அந்த வரம்பை நீக்கி, தரவுப் பட்டைகளையும் நிற அளவுகோல்களையும் சேர்த்தது. வசதி வளர்ந்தபோதும் அடிப்படை மாறவில்லை. கட்டத்துக்குள் எழுதும் சூத்திரமும் விதிக்குள் எழுதும் சூத்திரமும் ஒரே ஒப்பீட்டு முறைக்குக் கட்டுப்பட்டவை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. கட்டத்திலுள்ள சூத்திரம் தவறினால், அதே கட்டத்தில் பிழைக்குறி தோன்றி எவரையும் நிறுத்திவிடும். விதியிலுள்ள சூத்திரம் பிழையில் முடிந்தால் எந்த அறிவிப்பும் இல்லை. மென்பொருள் அதை மெய் ஆகாத கூற்றாகக் கருதி நிறம் தீட்டாமல் விட்டுவிடுகிறது. ஆகவே நிறமில்லாத ஒரு கட்டத்துக்கு மூன்று பொருள்கள் உண்டு: செலவு அளவுக்குள் இருக்கிறது, அல்லது விதி அந்தக் கட்டத்தை எட்டவே இல்லை, அல்லது விதி எட்டியும் கணக்கிட முடியாமல் நின்றுவிட்டது. பார்ப்பவர் மூன்றையும் முதலாவதாகவே படித்துக்கொள்கிறார். நிறம் தோற்றம் மட்டுமே என்று சொல்பவர், ஒரு சூத்திரத்தின் விடையைச் சரிபார்க்க மறுப்பவர் ஆகிறார்.

2. அழித்து எழுதினால் எண் மாறுமா?

மாறாது என்பதுதான் இக்கருத்தின் முதன்மையான தோல்வி. விரிதாளில் எண்ணும் எழுத்துச்சரமும் இரு வேறு இனங்கள். எழுத்துச்சரம் என்பது எண்ணைப் போலத் தோன்றினாலும் மென்பொருள் சொல்லாகவே சேமித்து வைத்திருக்கும் மதிப்பு. இரண்டையும் ஒப்பிட நேரும்போது எக்செல் ஒரு மாறாத வரிசையைப் பின்பற்றுகிறது: எந்த எழுத்துச்சரமும் எந்த எண்ணையும் விடப் பெரிது. பால் செலவாக 800 என்பது எழுத்துச்சரமாக நுழைந்திருந்தால், ஒதுக்கீடு 5,000 ஆக இருந்தாலும் 800 அதைவிடப் பெரிது என்றே விதி தீர்ப்பளிக்கும், கட்டம் சிவக்கும். விதியை அழித்து எழுதினாலும் கட்டம் மறுபடி சிவக்கும், ஏனெனில் விதியில் குற்றமே இல்லை. இந்நிலையில் நிறத்தைக் கைவிட்டுக் கூட்டுத்தொகையை நம்பச் சொல்வது இருமடங்கு தவறு. ஒரு நெடுவரிசையைக் கூட்டும் சம் என்னும் சார்பு அதிலுள்ள எழுத்துச்சரங்களை ஓசையின்றி ஒதுக்கிவிடும். சிவந்த கட்டத்திலுள்ள 800 ரூபாய் மாதக் கூட்டுத்தொகையில் சேரவே இல்லை. நிறம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. நம்பத்தக்கது எனப்பட்ட கூட்டுத்தொகையே குறைவாக நின்றது.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. ஒதுக்கீட்டுத் தொகை எழுத்துச்சரமாக இருந்தால், எந்தச் செலவும் அதைவிடப் பெரிதாக முடியாது; அந்தத் தலைப்பு ஒருபோதும் சிவக்காது. 5,000 ஒதுக்கிய மளிகைக்கு 9,000 செலவானாலும் கட்டம் வெளுப்பாகவே நிற்கும். கண்ணை உறுத்தும் நிறம் ஏதும் இல்லாததால் எவரும் எதையும் அழித்து எழுதவும் முற்படமாட்டார். வெறுமையான எழுத்துச்சரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. செலவு பதியப்படாவிட்டால் கட்டத்தை வெறுமையாகக் காட்டு என்று இஃப் சார்பில் எழுதி வைத்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்தக் கட்டமும் ஒப்பீட்டில் எல்லா எண்களையும் வென்று சிவந்து நிற்கும்.

இத்தகைய எழுத்துச்சரங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அறியத்தக்கது. சில வங்கிக் கணக்கறிக்கைகளில் தொகையை அடுத்துப் பற்று என்பதைக் குறிக்கும் எழுத்துகள் ஒட்டியிருக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தொகைகளில் 160 என்னும் குறியெண் கொண்ட முறியா இடைவெளி மறைந்திருக்கலாம். சாதாரண இடைவெளிகளை நீக்கும் டிரிம் சார்பு இதை நீக்காது. கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையும் தவறு. எக்செலில் முன்பே எழுத்துச்சரமாகப் பதிந்த மதிப்பு அதனால் எண் ஆகிவிடாது. எண்தானா என்று இஸ்நம்பர் சார்பால் சோதித்து, ஒட்டியுள்ள எழுத்துகளைக் களைந்து, வேல்யூ சார்பால் மாற்றியோ மீண்டும் தட்டச்சு செய்தோ அதை எண்ணாக்கலாம்.

3. மென்பொருளின் மனம்போன போக்கா?

விதியே தவறான இடங்களிலும் குற்றம் மென்பொருளின் மேல் சுமத்தப்படுகிறது. ஒரு வரிசை தள்ளி நிறம் விழுவது அடிக்கடி காணப்படும் கோளாறு. இதற்குக் காரணம் சார்பு முகவரி எனப்படும் ஏற்பாடு. விதியில் எழுதும் முகவரி, அவ்விதி செயற்படும் பரப்பின் இடது மேல் மூலைக் கட்டத்துக்கு உரியதாகக் கொள்ளப்பட்டு, அங்கிருந்து மற்றக் கட்டங்களுக்கு நகர்த்தப்படுகிறது. பரப்பு சி2 முதல் சி15 வரை என்றிருக்க, விதியில் சி1, பி1 என்று எழுதிவிட்டால், 3ஆம் வரிசைக் கட்டம் 2ஆம் வரிசையின் செலவைப் பார்த்தே சிவக்கும். மளிகையில் நேர்ந்த மிகைச் செலவுக்குப் பால் சிவந்து நிற்கும். குடும்பம் பாலைக் குறைக்கும். மளிகை தொடர்ந்து வழியும். இது விதி பிழைபட்டதன் பயன்; மென்பொருள் சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறது. எழுதியவர் அதே புரிதலோடு மறுபடி எழுதினால் அதே பிழையை மறுபடி எழுதுவார்.

டாலர் குறியைப் பற்றிய குழப்பமும் இவ்வகையே. முகவரியில் எழுத்துக்கு முன் டாலர் குறி இட்டால் நெடுவரிசை அசையாது. எண்ணுக்கு முன் இட்டால் வரிசை அசையாது. முழு வரிசையும் சிவக்க வேண்டும் என்று ஏ2 முதல் டி15 வரை பரப்பைக் கொடுத்து, டாலர் குறியின்றிச் சி2 பி2-ஐ விடப் பெரிது என்று எழுதினால், பி நெடுவரிசைக் கட்டம் மீதியைச் செலவோடு ஒப்பிடத் தொடங்கும். வரிசையின் ஒரு பகுதி சிவந்தும் மறுபகுதி சிவக்காமலும் கிடக்கும். தேவையானது $சி2, $பி2 என்னும் வடிவம். மாறாக $பி$2 என்று இரண்டையும் பூட்டிவிட்டால், எல்லாத் தலைப்புகளும் முதல் தலைப்பின் ஒதுக்கீட்டோடு ஒப்பிடப்படும். பள்ளிக் கட்டணம் மளிகையின் வரம்பால் அளக்கப்படும்.

ஒதுக்கீடு ஒரு தாளிலும் மாதச் செலவு வேறொரு தாளிலும் இருக்கும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. கூகுள் ஷீட்ஸின் நிபந்தனை விதி மற்றொரு தாளின் கட்டத்தை நேரடியாகக் குறிப்பிட இடம் தருவதில்லை. முகவரியை எழுத்துச்சரமாகப் பெற்றுக்கொள்ளும் இண்டைரக்ட் சார்பின் வழியே அதைக் குறிப்பிட வேண்டும். எழுத்துச்சரமாக எழுதிய முகவரி வரிசைக்கு வரிசை நகராது. ஒதுக்கீட்டுத் தாளில் புதிதாக ஒரு வரிசை செருகப்பட்டாலும் தன்னைத் திருத்திக்கொள்ளாது. இதை அறியாதவருக்கு, சித்திரையில் சரியாக இருந்த நிறங்கள் வைகாசியில் ஒரு தலைப்பு சேர்த்தவுடன் பிறழ்வது புரியாத புதிராகவே இருக்கும்.

4. விதிகள் கூடக் கூடக் காவல் கூடுமா?

கூடும் என்று எண்ணி, ஒதுக்கீட்டில் 80 விழுக்காட்டை எட்டினால் செம்மஞ்சள், 100 விழுக்காட்டைத் தாண்டினால் சிவப்பு என்று இரண்டு விதிகள் இடுவது வழக்கம். இவற்றின் வரிசைமுறையே முடிவைத் தீர்மானிக்கிறது. 100ஐத் தாண்டியது 80ஐயும் தாண்டியதே என்பதால், மிகைச் செலவான கட்டத்துக்கு இரு விதிகளும் மெய்யாகின்றன. கூகுள் ஷீட்ஸில் மேலிருந்து கீழாகப் பார்க்கையில் முதலில் மெய்யாகும் விதியே கட்டத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும். எக்செலிலும் இரண்டு விதிகள் பின்னணி நிறத்துக்காகப் போட்டியிட்டால் பட்டியலில் மேலே உள்ளதே வெல்லும். அங்கே புதிதாக எழுதும் விதி பட்டியலின் உச்சியில் சேரும் என்பதையும் கருத வேண்டும். சிவப்பு விதியை முதலிலும் செம்மஞ்சள் விதியைப் பிறகும் எழுதியவரின் தாளில், 5,000க்கு 6,000 செலவான கட்டம் செம்மஞ்சளாக, இன்னும் வரம்புக்குள் இருப்பது போல, நிற்கும். இங்கும் அழித்து எழுதுவது பயன்படாது. எழுதும் வரிசை மாறாதவரை விளைவும் மாறாது. விதிகளை வரிசையாகக் காட்டும் மேனேஜ் ரூல்ஸ் பட்டியலைத் திறந்து சிவப்பு விதியைச் செம்மஞ்சளுக்கு மேலே நகர்த்துவதே தீர்வு.

இவ்விடத்தில் எதிர்த்தரப்புக்கு உரியதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டங்களை நகலெடுத்து ஒட்டும்போது அவற்றின் விதிகளும் உடன் வருகின்றன. ஒரே விதி பல படிகளாகப் பெருகி, ஒன்றாக இருந்த பரப்பு துண்டு துண்டாகிவிடுகிறது. சில மாதங்கள் கழிந்த தாளில் இத்தகைய துண்டுகள் குவிந்திருக்கும்போது, எல்லாவற்றையும் அழித்து ஒரே விதியை முழுப் பரப்புக்கும் எழுதுவதே சரியான மருத்துவம். ஆனால் எவ்வகைக் கோளாறு என்று கண்டறிந்த பின் அழிப்பது வேறு, கண்டறியாமல் அழிப்பது வேறு. மதிப்பை மட்டும் ஒட்டும் வழியைப் பழகாதவரை, அழித்து எழுதிய விதி அடுத்த மாதமே மறுபடி துண்டாகும்.

5. கண்ணால் காணும் எண்ணைத்தான் விதியும் காண்கிறதா?

காண்பதில்லை. விதி படிப்பது கட்டத்தில் சேமிக்கப்பட்ட மதிப்பை. திரையில் தெரிவது அதன் வடிவமைக்கப்பட்ட தோற்றத்தை. 5,000.40 என்னும் செலவு, பைசாவைக் காட்டாத வடிவத்தில் 5,000 என்று தெரியும், ஒதுக்கீடும் 5,000 என்றே தெரியும், கட்டம் சிவந்திருக்கும். பார்ப்பவர் மென்பொருள் பிழைபட்டது என்பார். உண்மையில் 40 பைசா மிகையாகியிருக்கிறது. அதை மறைத்தது அவர் தேர்ந்த வடிவம்.

இதனினும் நுண்ணியது பின்னங்களின் பிழை. கணினி பின்ன எண்களை இரும முறையில், அதாவது 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால், சேமிக்கிறது. 0.1, 0.4 போன்ற பின்னங்களை அம்முறையில் துல்லியமாக எழுத முடியாது. மிக அண்மையான மதிப்பே சேமிக்கப்படுகிறது. 0.5இலிருந்து 0.4ஐயும் பிறகு 0.1ஐயும் கழித்தால் கணினியின் கணக்கில் கிடைப்பது பூச்சியம் அன்று, பூச்சியத்துக்குக் கீழே பதினாறு இலக்கங்களுக்கும் அப்பால் கிடக்கும் ஓர் எதிர்ம எண். எக்செல் சில இடங்களில் இதைப் பூச்சியமாகத் திருத்திக் காட்டினாலும், கணக்கு நீளும்போது இது எஞ்சிவிடுவது உண்டு. மீதி பூச்சியத்துக்குக் குறைவு எனில் சிவப்பு என்னும் விதி, 0.00 என்று தெரியும் கட்டத்தைச் சிவக்கச் செய்வது இதனால்தான். மீதியை ரவுண்ட் சார்பால் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் கோளாறு வேரோடு தீரும்.

வெற்றுக் கட்டமும் தனிக் கவனம் வேண்டுவது. சூத்திர விதி வெற்றுக் கட்டத்தை எண்ணோடு ஒப்பிடும்போது அதைப் பூச்சியமாகக் கொள்கிறது. மீதி 500க்குக் குறைந்தால் சிவப்பு என்று எழுதிய தாளின் அடியில் எழுதப்படாத வரிசைகளெல்லாம் சிவப்பது அதனால்தான். வெற்றாக இல்லாதிருந்து, 500க்குக் குறைவாகவும் இருந்தால் என்று இரு நிபந்தனைகளை இணைத்து எழுத வேண்டும். வெற்றுக் கட்டத்துக்கு வாழ்க்கை சார்ந்த ஒரு பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. மாதந்தோறும் ஒரே வரம்பை வைத்தால், கட்டணம் வரும் மாதம் சிவக்கும், வராத மாதம் மிச்சம் போலத் தோன்றும், இரண்டுமே மெய்யன்று. இங்கே பிழை சூத்திரத்தில்கூட இல்லை. செலவின் சுழற்சியும் ஒதுக்கீட்டின் சுழற்சியும் பொருந்தாததில் இருக்கிறது. நிறத்தை ஆராய்ந்தவர் இதைக் கண்டு, ஒதுக்கீட்டையே திருத்துவார். நிறத்தை அழித்தவர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் திகைப்பார்.

6. நாளை யார் படிக்கிறார்கள்?

வங்கிக் கணக்கறிக்கையிலிருந்து எடுத்த நாள்கள், இந்திய வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசையில் வருகின்றன. விரிதாளின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு உரியதாக இருந்தால், மென்பொருள் முதல் எண்ணை மாதமாகப் படிக்கும். 05/03/2024 என்னும் மார்ச் 5, மே 3 ஆகிவிடும். 25/03/2024இல் 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அது நாளாகவே ஏற்கப்படாமல் எழுத்துச்சரமாகக் கிடக்கும். அந்த மார்ச் மாதத்தில் முதல் 12 நாள்களுள் 3ஆம் நாள் மட்டும், இருவகையிலும் ஒன்றே ஆகையால், தப்பும். ஏனைய 11 நாள்கள் வேறு மாதங்களுக்குச் சிதறும். 13 முதல் 31 வரை நாள்களே அல்லாதவையாகும்.

இப்பிழையின் விளைவு கண்ணுக்குப் படாதது என்பதுதான் அச்சம் தருகிறது. கடன் அட்டையின் கெடு நாள் இன்றைய நாளுக்கு முந்தியது எனில் சிவப்பு என்னும் விதி, டுடே சார்பு தரும் இன்றைய நாளோடு ஒப்பிடுகிறது. விரிதாளில் நாள் என்பது உள்ளே ஓர் எண்ணே. எழுத்துச்சரமாகிவிட்ட கெடு நாள் எந்த எண்ணையும் விடப் பெரிது என்பதால், அது ஒருபோதும் முந்தியதாகாது. கெடு கடந்து வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்க, கட்டம் அமைதியாக நிற்கும். நாளைப் படிப்பதில் விரிதாள் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு அறிவியல் உலகமே சான்று: மார்ச், செப்டம்பர் மாதங்களின் ஆங்கிலச் சுருக்கங்களை ஒத்த பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் நாள்களாக மாற்றிவந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அப்பெயர்களையே மாற்ற நேர்ந்ததை 2020இல் வெளியிட்ட நெறிமுறையில் எடுத்துரைத்தது.

7. வீட்டுக் கணக்குக்கு இவ்வளவு ஆய்வு வேண்டுமா?

வேண்டும், அது வீட்டுக் கணக்கு என்பதாலேயே வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வின் விரிதாளில், சராசரி காணும் பரப்பு குறுகிப்போய் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அவ்வாய்வின் முடிவு மறுக்கப்பட்டதற்கு இது ஒன்றே காரணம் அன்றெனினும், இப்பிழை வெளிவந்தது 2013இல், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹெர்ன்டன் என்னும் மாணவர் அந்த விரிதாளையே வாங்கிப் பார்த்தபோதுதான். வல்லுநர்களின் தாளில் விடுபட்டதை, மற்றொருவர் திறந்து பார்த்ததனால் கண்டறிய முடிந்தது.

வீட்டுத் தாளைத் திறந்து பார்க்க அப்படி மற்றொருவர் இல்லை. நிறுவனத்துக்குத் தணிக்கையாளர் உண்டு, ஆய்வுக்கு மறுஆய்வு உண்டு. குடும்பக் கணக்கை எழுதுபவரும் படிப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. தாம் எழுதியதைத் தாமே படிக்கும்போது கண் எதிர்பார்ப்பதையே காணும். அந்நிலையில், எதிர்பார்ப்பு எதுவுமின்றி ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டாவது வாசகராகச் செயற்படுவது நிபந்தனை விதி ஒன்றே. நேரமில்லை என்னும் வாதம் இங்கேதான் தலைகீழாகிறது: நேரமில்லாதவருக்கே நம்பத்தக்க நிறம் மிகவும் தேவை, எல்லா வரிசைகளையும் நாள்தோறும் படிக்க முடிந்தவருக்கு நிறமே தேவையில்லை.

ஆய்வுக்கு ஆகும் உழைப்பும் எதிர்த்தரப்பு அஞ்சுமளவு பெரிதன்று. முறையான வரிசையில் பார்த்தால் சில நிமிடங்களில் முடிவது. முதலில், தவறாக நிறம் பெற்ற கட்டத்தையும் அது ஒப்பிடப்படும் கட்டத்தையும் இஸ்நம்பர் சார்பால் சோதிக்க வேண்டும். இரண்டுமே எண் எனில் தரவின் இனம் பற்றிய ஐயம் நீங்கும். அடுத்து, விதி செயற்படும் பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும், விதியின் முகவரி அப்பரப்பின் முதல் கட்டத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, விதியின் சூத்திரத்தை அப்படியே எடுத்துப் பக்கத்து நெடுவரிசையில் ஒட்டி, கீழ்வரை இழுத்துவிட வேண்டும். மறைந்திருந்த கூற்று ஒவ்வொரு வரிசையிலும் மெய், பொய், பிழை என்று வெளிப்படையாகத் தன்னை அறிவிக்கும். முன்பு சொன்ன மூன்று பொருள்களுள் எது உண்மை என்பது அங்கேயே தெளியும். நான்காவதாக, விதிகளின் வரிசைமுறையைப் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் சரியெனில், எக்செல் தானாகக் கணக்கிடும் நிலையில் உள்ளதா, கைமுறை நிலையில் உள்ளதா என்பதைக் கவனிக்க வேண்டும்; கைமுறை நிலையில் சூத்திரங்கள் பழைய விடைகளையே வைத்திருக்க, நிறமும் அவற்றையே பின்பற்றும்.

புதிதாக விதி எழுதும்போதே அதைச் சோதிப்பதும் கடமை. வரம்புக்கு மேற்பட்ட தொகை, வரம்புக்குச் சமமான தொகை, வெற்றுக் கட்டம், எழுத்துச்சரம் ஆகிய நான்கையும் வேண்டுமென்றே இட்டுப் பார்த்தால், விதி எங்கே வழுவும் என்பது முன்பே தெரிந்துவிடும். சமமான தொகை சிவக்க வேண்டுமா வேண்டாமா என்பதை எழுதுபவர் தீர்மானித்திருக்க வேண்டும். பெரிது என்பதற்கும் பெரிது அல்லது சமம் என்பதற்கும் இடையிலுள்ள முடிவு மென்பொருளுக்கு உரியதன்று.

இதனினும் சிறந்த ஏற்பாடு ஒன்று உண்டு. தீர்ப்பை விதிக்குள் புதைக்காமல், நிலை என்னும் பெயரில் தனி நெடுவரிசை அமைத்து, அதில் அளவுக்குள், மிகை, எண் அன்று என்னும் சொற்களுள் ஒன்றைச் சூத்திரம் எழுதும்படி செய்துவிட்டு, நிறம் அந்தச் சொல்லை மட்டும் பின்பற்றும்படி விதியை எழுதலாம். அப்போது சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவரும் தாளைப் படிக்க முடியும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் செய்தி தொலையாது. தகவலை உணர்த்த நிறத்தை மட்டுமே நம்பக்கூடாது என்று இணைய உள்ளடக்கங்களுக்கான அணுகல் நெறிமுறைகள் வலியுறுத்துவது இக்காரணத்தாலேயே; அது வீட்டுத் தாளுக்கும் பொருந்தும்.

எதிர்த்தரப்பின் மூன்று காரணங்களும் இப்போது எங்கே நிற்கின்றன? நிறம் எண்ணை மாற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் எண் பிழைபட்டதை அறிவிப்பது நிறம். அழித்து எழுதுவது சில வேளைகளில் பலிக்கிறது என்பது உண்மை. ஆனால் துண்டுபட்ட விதிகளுக்கு மட்டுமே அது மருந்து. எழுத்துச்சரத்துக்கோ சிதறிய நாளுக்கோ பிறழ்ந்த முகவரிக்கோ பின்னத்தின் எச்சத்துக்கோ பொருந்தாத வரம்புக்கோ அது மருந்தன்று. வீட்டுக் கணக்கு சிறியது என்பதும் உண்மை. ஆனால் அதில் பிழைபடும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு குடும்பத்தின் உழைப்பு. அதை ஈடுசெய்ய வேறு எவரும் வரப்போவதில்லை. ஆகவே தவறான நிறத்தைக் கண்டவர் முதலில் கேட்க வேண்டியது, இதை எப்படிப் போக்குவது என்னும் கேள்வி அன்று. இந்தக் கட்டத்தில் எது எதனோடு ஒப்பிடப்பட்டு இந்நிறம் பிறந்தது என்னும் கேள்வி. அதற்கு விடை கண்ட பிறகு விதியை அழிப்பதா, எண்ணைத் திருத்துவதா, ஒதுக்கீட்டையே மாற்றுவதா என்பது தானே தெளிவாகும்; விடை காணுமுன் எடுக்கும் எந்த நடவடிக்கையும் கணக்கைத் திருத்துவதில்லை, பிழையின் அடையாளத்தை மட்டுமே நீக்குகிறது.